செல்வி தொப்பி போட்ட வருடம்

குரும்பலூரில் வெயிலுக்குத் துண்டு போடுவார்கள், மழைக்கு உரச்சாக்கை மடித்துக் கவிழ்த்துக்கொள்வார்கள். தொப்பி போடுகிற ஆட்கள் என்று பார்த்தால் பேங்க் வாட்ச்மேன் ஒருத்தர், அப்புறம் வெற்றிச்செல்வி. வாட்ச்மேனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வெற்றிச்செல்வி காலையில் பெரம்பலூர் பஸ்ஸுக்கு நடந்துபோனால் டீக்கடை பெஞ்சில் இருக்கும் அத்தனை கழுத்தும் ஒரே பக்கம் திரும்பும். பேப்பர் படிக்கிறவர் பேப்பரை இறக்குவார். வடை போடுகிறவர் வடையைக் கருக விடுவார்.

அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவள் போட்டுக்கொண்டு போனவை அப்படிப்பட்ட தொப்பிகள். ரோஸ் நிறத்தில் ஒரு முயல் தொப்பி இருந்தது. இரண்டு பக்கமும் தொங்கும் முயல் கையைப் பிடித்து அமுக்கினால் காது டபக்கென்று எழுந்து நிற்கும். தலையில் மாட்டிக்கொள்ளும் ஒரு சின்னக் குடை இருந்தது, ஏழு நிறத்தில். தர்பூசணியைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி ஒன்று, விதை உட்பட. திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய கறுப்புத் தொப்பி ஒன்றுதான் கொஞ்சம் கௌரவமானது. விளிம்பை ஒரு பக்கம் இறக்கிவிட்டு அதைப் போட்டாள் என்றால், முப்பத்தாறு வயது எல்.கே.ஜி. டீச்சர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து நிலம் பார்க்க வந்த ஏதோ கம்பெனி அம்மா என்பார்கள்.

ஊரே வாய்விட்டுச் சிரித்தது. சிரிக்க முடியாமல் இருந்தவள் ஒருத்திதான். அவள் வெற்றிச்செல்வியின் அண்ணன் ராஜவேலின் மனைவி அனுசுயா. ஒவ்வொரு தொப்பியும் அவளுக்கு ஒரு குத்து. ஏனென்று அவளுக்கும் செல்விக்கும் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கும் மட்டும் தெரியும்.

செல்வியின் புருஷன் லாரி டிரைவர். மூன்று வருடத்துக்கு முன்னால் தொழுதூர் பக்கத்தில் விபத்தில் போய்விட்டான். பிள்ளை இல்லை. அண்ணன் வீட்டுப் பின்கட்டு அறைக்கு ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தாள். பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. சத்தம் போடாமல் வருவாள், சத்தம் போடாமல் போவாள். நல்லது கெட்டதுக்குக் கூப்பிட்டால் வருவாள், கூப்பிடாவிட்டால் கேட்கமாட்டாள். விசேஷ வீடுகளில் பூத்தட்டு வரிசையாக வரும்போது தானாகவே எழுந்து சமையல் பக்கம் போய்விடுவாள். வீட்டில் இப்படி ஒரு ஆள் இருப்பது எவ்வளவு சௌகரியம் என்று அனுசுயா அந்த நாளில் நினைத்ததுண்டு. நினைத்தாள் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அனுசுயாவுக்கு உடையார்பாளையம் பக்கம். அந்தக் குடும்பத்துக்கு நிலம் உண்டு, முந்திரி உண்டு. ஆனால் அனுசுயாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவள் கூந்தலைத்தான் பேசுவார்கள். அவிழ்த்துவிட்டால் முழங்காலைத் தொடும். பெண் பார்க்க வந்த அன்றைக்கு ராஜவேல் அவள் முகத்தைப் பார்த்தானோ இல்லையோ, காபி கொடுத்துவிட்டுத் திரும்பியபோது பின்னலைப் பார்த்துத் தலையாட்டிவிட்டான். கல்யாண வீடுகளில் முன்பின் தெரியாத பெண்கள்கூடப் பக்கத்தில் வந்து, “என்ன எண்ணெய்ங்க தேய்க்கிறீங்க?” என்பார்கள். “சும்மா தேங்காண்ணெதான்” என்பாள். பாதிதான் உண்மை. அதற்குள் என்னென்ன போட்டுக் காய்ச்சுகிறாள் என்று கடைசிவரை ஒருத்திக்கும் சொன்னதில்லை.

போன ஐப்பசியில் அவள் மகன் அசோக்குக்கு டெங்கு வந்தது. எட்டு வயசுப் பிள்ளை. திருச்சி ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் போட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் நர்ஸ் வந்து பிளேட்லெட் பதினெட்டாயிரத்துக்கு இறங்கிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள். ராஜவேல் ரத்தத்துக்கு ஆள் பிடிக்க ஓடினான். வராண்டாவில் அனுசுயாவும் செல்வியும் மட்டும் இருந்தார்கள். அனுசுயா சுவரைப் பார்த்துக் கைகூப்பிச் சத்தமாகவே சொன்னாள். “கலியுக வரதராஜப் பெருமாளே, எம் புள்ளைய என் கையில குடுத்துரு. என் தலைமுடிய ஒட்ட எறக்கி உன் காலடியில வெச்சர்றேன்.” செல்வி அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளை பிழைத்துவிட்டான். ஒன்பதாம் நாள் இட்லி கேட்டான்.

கார்த்திகையில் அனுசுயாவின் சித்தப்பா மகள் கல்யாணம். மொட்டைத் தலையோடு எப்படிப் போவது? தையில் பொங்கல், சனம் வரும். மாசியில் அவள் அண்ணன் வீட்டுப் புதுமனை புகுவிழா, வீடியோ எடுப்பார்கள். பெருமாள் பொறுமைக்காரர், ஓடிப்போகப் போகிறாரா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ராஜவேலிடம் வேண்டுதலைச் சொல்லவே இல்லை. சொன்னால் அந்த வாரமே கூட்டிக்கொண்டு போய்விடுவான், அவன் அப்படிப்பட்ட ஆள். பங்குனி பிறந்ததும் அவனே, “புள்ளைக்கு மொட்டை போட்டுட்டு வந்துரலாம்” என்றான். நால்வருமாகக் கல்லங்குறிச்சிக்குப் போனார்கள்.

அசோக்குக்கு முதலில் எடுத்தார்கள். ராஜவேல் அவனைக் குளிப்பாட்ட அழைத்துக்கொண்டு போனான். அவன் தலை மறைந்ததும் அனுசுயா, இனித் தள்ள முடியாது என்று கொட்டகைக்குள் போய்ப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். கொண்டையை அவிழ்த்தாள். முடியெடுக்கிறவர் வயசாளி. தரையில் வந்து விழுந்த கூந்தலைப் பார்த்துவிட்டு அவரே கொஞ்சம் தயங்கினார்.

“பூமுடி குடுத்தா போதும்மா. மூணு கத்தரி. பொம்பளைங்க நெறைய பேரு அப்படித்தான் குடுக்குறாங்க.”

“இல்லீங்க. மொட்டைன்னு வேண்டிக்கிட்டேன்.”

அவர் தண்ணீரை ஊற்றி உச்சியை நனைத்தார். பிளேடை மாற்றினார். அனுசுயாவுக்கு உடம்பு உதறத் தொடங்கியது. பங்குனி வெயிலில் அப்படி ஒரு நடுக்கம். பிள்ளை பிழைத்ததற்கு நன்றியாக உட்கார்ந்த இடத்தில், பிள்ளையைப் பறிகொடுத்தவள் போல அழுதாள். அவர் பிளேடைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார்.

செல்வி வந்து அவள் கையைப் பிடித்தாள். “எந்திரிங்க அண்ணி. நான் ஒக்காந்துக்குறேன்.”

“வேணாம் செல்வி. நான் வேண்டுனது.”

“பெருமாளுக்கு முடிதான வேணும்? யாரு தலைன்னா ஆராய்ச்சி பண்ணப்போறாரு? எனக்கு என்ன அண்ணி, நானா பூ வைக்கப்போறேன்? எந்திரிங்க.”

அனுசுயா எழுந்துவிட்டாள். வேண்டாம் என்று ஒரு தரம் சொன்னாளே, இரண்டாம் தரம் சொல்லவில்லை. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று நம்மூரில் ஒரு பேச்சு உண்டு. அவள் உடைத்தது நாத்தனார் தலையை.

ராஜவேல் திரும்பி வந்தபோது அவன் தங்கை மொட்டைத் தலையோடு நின்றாள். “என்னா செல்வி இது?” என்றான். செல்வி வாயைத் திறப்பதற்குள் அனுசுயா முந்திக்கொண்டாள். “அசோக்கு முடியாம கெடந்தப்ப வேண்டிக்கிட்டாளாம்ங்க.”

எங்கிருந்து அந்தப் பொய் வந்தது என்று பிற்பாடு எத்தனையோ தரம் யோசித்தாள். யோசித்து வரவில்லை, வாய் தயாராக இருந்தது. செல்வி அண்ணியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குனிந்து, அசோக் தலையில் பூசியிருந்த சந்தனத்தை வழித்துத் தன் தலையில் தேய்த்துக்கொண்டாள். “பாத்தியாடா, ரெண்டு பேரும் ஜோடி” என்றாள். ராஜவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கை தலையைத் தடவிக் கொடுத்தான்.

கோயில் வாசல் கடையில் மொட்டை போட்ட பிள்ளைகளுக்குத் தொப்பி விற்றார்கள். அசோக் ஒரு நீலத் தொப்பி வாங்கினான். பெரிய ஆள் அளவில் செல்விக்கு எதுவும் அமையவில்லை. கடைக்காரப் பெண் தேடித் தேடிக் கடைசியில் முயல் தொப்பியை எடுத்து, “இதுதாங்கக்கா கொஞ்சம் இழுத்துக் குடுக்கும்” என்றாள். செல்வி போட்டுக்கொண்டு கடைக் கண்ணாடியில் பார்த்தாள். அசோக் ஒரு கையை அமுக்கினான். ஒரு காது எழுந்தது.

செல்வி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மூன்று வருடத்தில் அந்தச் சிரிப்பை அனுசுயா கேட்டதில்லை. கேட்டதற்குச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தன் கொண்டையின் கனம்தான் தெரிந்தது.

மறுநாள் செல்வி முயல் தொப்பியோடுதான் பள்ளிக்கூடம் போனாள். எல்.கே.ஜி. பிள்ளைகள் ஆளாளுக்குக் கையை அமுக்கப் பார்த்ததில் ஒரே ரகளை. அன்றிலிருந்து பிடித்ததுதான். கூரியர்க்காரன் மாதம் ஒன்றிரண்டு டப்பா கொண்டுவந்தான். முடி வளர்ந்தால் விட்டுவிடுவாள் என்று அனுசுயா எதிர்பார்த்தாள். முடி வளர்ந்தது, தொப்பியும் வளர்ந்தது. ஆடி மாதத்தில் அலமாரியில் ஏழு தொப்பி.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் சொல்லியேவிட்டாள். “கிராப்புத் தலைய மறைக்கணும்னா துண்டு போட்டுக்கோயேன் செல்வி. ஊரே சிரிக்குது.”

“மறைக்க எவ போடுறா? எல்லாரும் பாக்கணும்னுதான் போடுறேன்.” செல்வி குடைத் தொப்பிக்குக் கம்பி நிமிர்த்திக்கொண்டிருந்தாள். “அவரு போனதுலேருந்து என்னை யாரும் நேரா பாத்ததில்ல அண்ணி. பஸ்ஸுல எதுத்தாப்புல வந்தாக்கூட மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்குவாங்க. காலையில போற காரியம் கெட்டுப்போயிருமாம். இப்ப பாருங்க, தேடிப் பாக்குறாங்க. இன்னைக்கு என்னா தொப்பின்னு கண்டக்டரு கேக்குறாரு. பூ வைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. தொப்பி போடக் கூடாதுன்னு எவனும் எழுதி வைக்கல. சிரிக்கட்டுமே. சிரிச்சா என்னா?”

முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களில் அனுசுயாவும் உண்டு. செவ்வாய், வெள்ளியில் வெளியே கிளம்பும்போது செல்வி பஸ் ஏறிவிட்டாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாசல்படி இறங்குவாள்.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது அனுசுயா செல்வியின் அறைக்குள் போனாள். கறுப்புத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்தாள். கொண்டை விடவில்லை. அண்டாவுக்குச் சொம்பு மூடி வைத்த மாதிரி உச்சியில் நின்றது. பின்னலைத் தொங்கவிட்டு மறுபடி வைத்தாள். விளிம்பை இறக்கினாள். கண்ணாடியில் தெரிந்தவளை அவளுக்குப் பிடித்துவிட்டது. யாரோ தெரியாதவள், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாதவள். கொஞ்சநேரம் அப்படியே தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தாள். பிறகு இது யாருடைய தொப்பி, எப்படி வந்த தொப்பி என்று நினைவு வந்ததும் சுட்டது போலக் கழற்றி இருந்த இடத்தில் வைத்தாள். குற்றமுள்ள நெஞ்சுக்குக் கண்ணாடி பார்க்கக்கூட யோக்கியதை இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

ராஜவேலிடம் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தரம் வாயெடுத்தாள். அவன் கோபத்துக்கு அவள் பயப்படவில்லை. பயம் வேறு இடத்தில் இருந்தது. வேண்டுதல் என்னுடையது, நான் செலுத்தவில்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பெருமாளும் கேட்பார். கேட்டுவிட்டுக் கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டால்? அசோக் தூங்கும்போது அவன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். வாயைத் திறக்காதவரை கணக்கு நேராக இருப்பது போல ஒரு நம்பிக்கை.

ஆவணியில் செல்விக்கு ஒரு வரன் வந்தது. ராஜவேலின் சிநேகிதர் மூலமாக வந்தது. அரியலூர் செல்லதுரை, சிமெண்டு ஆலையில் எலக்ட்ரீஷியன், நாற்பத்திரண்டு வயது. மனைவி புற்றுநோயில் போய் ஐந்து வருடம். போட்டோ பார்த்துவிட்டுப் போனில் நாலு தரம் பேசியிருந்தான். செல்வியின் குரலே மாறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தாயாரைக் கூட்டிக்கொண்டு வருவதாக ஏற்பாடு.

“இன்னைக்கு ஒருநாள் தொப்பி வேணாம் செல்வி” என்றாள் அனுசுயா.

“போட்டோவுலயே தொப்பிதான் அண்ணி. அது பிடிச்சுதான் வராரு” என்றாள் செல்வி. அகலமான வைக்கோல் தொப்பி, விளிம்பில் ஒரு கொத்துச் சிவப்புப் பழம். இருபது நாளாக அதற்காகவே எடுத்துவைத்திருந்தது.

செல்லதுரை பார்த்ததும் சிரித்துவிட்டான். நல்ல சிரிப்பு. “பழம் நெசமாங்க?” என்றான். “பிளாஸ்டிக்குங்க. கடிச்சிராதீங்க” என்றாள் செல்வி. ராஜவேலுக்கு அப்போதே பத்திரிகை அடித்துவிட்ட மாதிரி முகம் மலர்ந்தது.

அவன் தாயார் செல்லக்கண்ணு சிரிக்கவில்லை. “தொப்பிய எடும்மா” என்றாள். செல்வி எடுத்தாள். ஐந்து மாதத்து முடி, ஆண்பிள்ளைகள் கிராப் போல நின்றது. “முடி என்னா ஆச்சு?”

ராஜவேல் பெருமையாகச் சொன்னான். “எம் மவனுக்கு டெங்கு வந்தப்ப வேண்டிக்கிச்சுங்க. கல்லங்குறிச்சியில குடுத்துச்சு.”

செல்லக்கண்ணு ராஜவேலைப் பார்த்துச் சொன்னாள். “எங்க குலசாமியும் பெருமாளுதான் தம்பி. சாமிக்குத் தலையக் குடுத்தவ அடக்கமா இருக்கணும். குடுத்த தலை மேல கோமாளித் தொப்பியப் போட்டுக்கிட்டு ஊரச் சிரிக்க வைக்கிறது சாமியக் கேலி பண்றது இல்லியா? நாளைக்கு எங்க வூட்டுல ஒரு வேண்டுதலுன்னா இந்தப் பொண்ணு எப்படி நடந்துக்கும்?” பிறகு செல்வி பக்கம் திரும்பினாள். “கேக்குறேன்னு தப்பா நெனைக்காதம்மா. நீதான வேண்டிக்கிட்ட?”

செல்லதுரை தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். செல்வி அனுசுயாவைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, முறைக்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

‘நான் வேண்டினேன்.’ இரண்டு வார்த்தை. அனுசுயாவின் நாக்கு நுனிவரை வந்தது. உள்ளறையில் அசோக் இருமினான். வெறும் இருமல், ஓடி ஆடிய பிள்ளை இருமுகிற இருமல். அவள் குனிந்து தட்டை எடுத்தாள்.

“காபி ஆறுதுங்க. குடிங்க.”

செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “ஆமாங்கம்மா” என்று மட்டும் செல்லக்கண்ணுவுக்குச் சொன்னாள். வந்தவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிக் கிளம்பினார்கள்.

ஒரு மாதம் போனது. அங்கிருந்து பேச்சில்லை. “வேணாம்னுட்டாங்க போல” என்று ராஜவேல் ஒருநாள் சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். செல்வி போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவது நின்றது. தொப்பி போடுவதும் நின்றது. வெறும் தலையோடு பஸ்ஸுக்குப் போனாள். டீக்கடைக்காரர்கள் இரண்டு நாள் பார்த்தார்கள், மூன்றாம் நாள் பேப்பர் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். “அத்தை ஏம்மா தொப்பி போடல?” என்று அசோக் கேட்டான். “போய்ப் படி” என்று எரிந்து விழுந்தாள் அனுசுயா. அந்தத் தொப்பிகளை இவ்வளவு நாள் வெறுத்தவள், அலமாரியில் அவை வரிசையாக இருப்பதைப் பார்க்க முடியாமல் கதவைச் சாத்தினாள்.

புரட்டாசியில் அசோக்குக்குக் காய்ச்சல் வந்தது. அனுசுயா ஆடிப்போனாள். சொல்லவில்லையே, வாயைத் திறக்கவில்லையே, அப்புறம் ஏன்? பெரம்பலூர் டாக்டர் பார்த்துவிட்டு, “சாதாரண காய்ச்சல்மா, ரெண்டு நாள்ல போயிடும்” என்றார். இரண்டு நாளில் போயும்விட்டது. மூன்றாம் நாள் அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாளும் பிள்ளைக்குப் பயந்து வாயை மூடியதாகச் சொல்லிக்கொண்டாளே, பிள்ளையை முன்னால் நிறுத்திவிட்டு அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாள். அவள் காப்பாற்றியது முடியை. முடியை, அப்புறம் நல்லவள் என்கிற பேரை.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள். அரியலூரில் இறங்கி ஆட்டோ பிடித்துக் கல்லங்குறிச்சிக்குப் போனாள். அதே கொட்டகையில் வேறொரு ஆள் இருந்தான், சின்ன வயசு. “பூமுடியாக்கா?” என்றான். “மொட்டை” என்றாள். இந்தத் தடவையும் உடம்பு உதறியது. பலகையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முடி மடியில் விழுந்து, மடியிலிருந்து தரைக்கு வழிந்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை. சந்நிதியில் நின்று, “நான் பட்ட கடன் இது. அவ குடுத்ததை அவ பேருல வெச்சுக்க” என்று சொன்னாள். மனசு லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை.

முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, வரன் கொண்டுவந்த சிநேகிதர் ஒருமுறை சொன்ன அடையாளத்தை வைத்து அரியலூரில் செல்லதுரை வீட்டைக் கண்டுபிடித்தாள். செல்லக்கண்ணு உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அனுசுயா உட்காராமலே முந்தானையை இறக்கினாள்.

“அம்மா, ஆஸ்பத்திரியில வேண்டிக்கிட்டது நான். செல்வி இல்ல. பலகையில ஒக்காந்துட்டு, முடி போறதப் பாத்து பயந்து எந்திரிச்சிட்டேன். அவ எனக்காக ஒக்காந்தா. அன்னைக்கு நீங்க கேட்டப்ப நான் வாயத் தொறக்கல. அவ சாமியக் கேலி பண்ணலம்மா. அது அவ வேண்டுதலே கெடையாது. எம் மேல வர்ற கோவத்துல அவள வேணாம்னு சொல்லிராதீங்க.”

செல்லக்கண்ணு முறத்தைக் கீழே வைத்தாள். அனுசுயாவின் தலையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“குடிங்க மொதல்ல. வெயில்ல வந்திருக்கீங்க.” அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். “நீங்க சொல்றது ஒண்ணும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அப்படிக் கேட்டிருக்கமாட்டேன். ஆனா நாங்க வேணாம்னு எப்பம்மா சொன்னோம்? நான் மனசுல ஒண்ணும் வெச்சுக்கல. நாள் குறிக்கலாம்னு எம் மவன்கிட்ட சொன்னேன். ஒங்க நாத்தனாருதான் போன்ல வேணாம்னு சொல்லிருச்சாம்.”

பஸ்ஸில் வரும்போது அனுசுயாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாசலிலேயே ராஜவேல் நின்றான். தலையைப் பார்த்துத் திகைத்தவனிடம் அங்கேயே, செருப்பைக்கூடக் கழற்றாமல், ஆஸ்பத்திரியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் திட்டவில்லை. “எந் தங்கச்சி தலையத் தடவிக்கிட்டு நின்னனே, அப்ப நீ பக்கத்துலதான இருந்த?” என்று கேட்டான். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டான்.

செல்வி தன் அறையில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நிறக் காகிதத்தில் மீன் கத்தரித்துக்கொண்டிருந்தாள். அண்ணியின் தலையைப் பார்த்ததும் கத்தரிக்கோல் நின்றது.

“என்னா அண்ணி இது?”

அனுசுயா கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். கோயிலுக்குப் போனதை, அரியலூர் போனதை, அந்த அம்மாள் சொன்னதை. “நீயா வேணாம்னு சொன்ன? ஏன் செல்வி? அவரப் பிடிச்சிருந்துச்சே ஒனக்கு?”

“பிடிச்சிருந்துச்சு.” செல்வி மடியிலிருந்த காகிதத் துணுக்குகளைத் தட்டினாள். “அவங்க வந்துட்டுப் போன அன்னைக்கே போன்ல அவருகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன் அண்ணி. யாரு வேண்டுனா, யாரு ஒக்காந்தா, எல்லாம். ஒங்கள கொறையா ஒண்ணும் சொல்லல. அம்மாகிட்ட நீங்களே எடுத்துச் சொல்லிருங்கன்னேன். சரின்னாரு. பத்து நாள் கழிச்சுக் கேட்டா, சொல்லல. அம்மா சங்கடப்படுவாங்களாம். போகப் போகச் சரியாயிருமாம். நீ தொப்பிய மட்டும் வுட்டுருன்னாரு.”

“அதுக்காகவா?”

“நல்ல மனுசந்தான் அண்ணி. ஒரு கெட்ட வார்த்தை பேசமாட்டாரு.” செல்வி மறுபடியும் கத்தரிக்கோலை எடுத்தாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அனுசுயா தாங்கிக்கொண்டிருப்பாள். அது சாதாரணக் குரல், கறிக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரல். “எல்லாம் தெரிஞ்சுகிட்டு, வாயத் தொறக்காம, எங்கிட்ட நல்லா நடந்துக்குற ஆளு இந்த வூட்டுலயே ஒருத்தரு இருக்கீங்க. அங்க போயி இன்னொருத்தரோட எதுக்கு அண்ணி காலந்தள்ளணும்?”

சொல்லிவிட்டு மஞ்சள் காகிதத்தை மடித்து அடுத்த மீனைக் கத்தரிக்கத் தொடங்கினாள். அனுசுயா கதவைப் பிடித்த கையை எடுக்காமல் அங்கேயே நின்றாள்.